குறிப்பெடுத்தவர்: பெனிற்றா மேர்வின்

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு வந்த மின்னஞ்சலைப் பெனிற்றா மூன்று தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் முடிந்தபோது தேநீர்க் கோப்பையை அவள் மேசையில் வைத்த சத்தம் வெளியே நடைபாதைவரை கேட்டிருக்கும்.

லண்டன் இல்ஃபோர்டில் உள்ள ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் அலுவலகத்தை அவள் பதினொரு வருடமாகப் பார்த்து வந்தாள். பிறந்தது மன்னார், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கும்போது யாராவது, "இன்னும் அந்த யூத ஆக்களின்ர கோயிலிலதானோ வேலை?" என்று கேட்டால், "ஓம், யேசுவும் அப்பிடியான ஒரு இடத்தில நிண்டுதானே வாசிச்சவர்" என்று சொல்லிவிட்டு நடப்பாள். தொழுகைக்கூடத்தில் யாருடைய இருக்கை எது, யாருடைய தகப்பனின் நினைவுநாள் யூத நாட்காட்டியில் எந்தக் கிழமை விழுகிறது, எந்த இரண்டு குடும்பங்களை மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருத்தக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யாராவது இறந்தால் முதல் தொலைபேசி அவளுக்குத்தான் வரும். அங்கே அவளை வெளியாளாக நினைப்பதைப் பலர் எப்போதோ விட்டிருந்தார்கள். அவளும் விட்டிருந்தாள்.

மின்னஞ்சல் நிர்வாகக் குழுவின் தலைவர் ஹவர்ட் பிரெஸ்லோவிடமிருந்து வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை நடந்த குழுக்கூட்டத்துக்கு அவள் எழுதிய குறிப்பை அவர் திருத்தி அனுப்பியிருந்தார். எழுத்துப்பிழைகளைத் திருத்தினால் அவள் நன்றி சொல்லுகிறவள். இது எழுத்துப்பிழை இல்லை.

அந்தக் கூட்டம் ரெவரண்ட் சோபலைப் பற்றியது. யூதத் தொழுகைக்கூடத்தில் ரபி என்பவர் போதிப்பவர், சட்டம் சொல்பவர். வழிபாட்டை முன்னின்று பாடி நடத்துபவர் வேறொருவர். அவரை ஹஸான் என்பார்கள். இங்கிலாந்தில் பழைய ஆட்கள் அவரை ரெவரண்ட் என்றும் அழைப்பதுண்டு. சோபல் இருபத்தேழு வருடமாக இங்கே ஹஸான். அறுபத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். சனிக்கிழமை பாடுவதோடு அவர் வேலை முடிவதில்லை. பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு வேதம் ஓதக் கற்பிப்பார், ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளின் கட்டிலருகே இருப்பார், மழைக்குள் நின்று கல்லறைக் கல் நாட்டும் செபத்தைச் சொல்லுவார். பெனிற்றாவின் தாய் மன்னாரில் இறந்த செய்தி வந்த அன்று, அவர் அலுவலகத்துக்குள் வந்து, "உங்கள் அம்மாவின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டு, அவள் சொன்னதைத் தானும் ஒருமுறை சொல்லிவிட்டு, அரை மணித்தியாலம் பேசாமல் எதிர்க் கதிரையில் இருந்தார்.

ஹவர்ட் அவரை அனுப்பிவிட விரும்பினார். ஹவர்டுக்கும் ஒரு கவலை இருந்தது, அது பொய்யில்லை. ஒரு காலத்தில் தொள்ளாயிரம் குடும்பங்கள் இருந்த சபையில் இப்போது இருநூற்றுப் பத்துத்தான். இளம் குடும்பங்கள் வீடு வாங்கிக்கொண்டு லண்டனைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. சோபலின் பழைய நீண்ட மெட்டுகள் மிச்சமிருப்பவர்களையும் விரட்டுகின்றன என்பது ஹவர்டின் கணக்கு. எல்லோரும் சேர்ந்து பாடும் சின்ன மெட்டுகள் வேண்டும், சபை இளைஞர்களே முறைவைத்து நடத்தவேண்டும், பன்னிரண்டு மணிக்கு முன் வழிபாடு முடியவேண்டும். ஆனால் வயது போனதென்று ஒருவரை அனுப்பினால் அது சட்டப்படி வில்லங்கம். அவராகவே போகிறேன் என்று சொன்னால் ஒரு கேள்வியும் இல்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அவரைக் குழுவின் முன் கூப்பிட்டு, "உங்கள் எதிர்காலத்தைப் பற்றி என்ன யோசித்திருக்கிறீர்கள்?" என்று ஹவர்ட் பதமாகக் கேட்டார். நீண்ட மேசையைச் சுற்றிக் குழுவினர் ஏழு பேர், ரபி லாஸ்கர், குறிப்பெடுக்கப் பெனிற்றா. சோபல் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஓய்வு பெற விரும்புவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை" என்றார். "என்னை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். அது உங்கள் உரிமையாக இருக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்புகிறீர்கள் என்று எழுதுங்கள். நானாகப் போகிறேன் என்று எழுதவேண்டாம்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "எழுதிவிட்டீர்களா, பெனிற்றா? ஒருமுறை வாசியுங்கள்" என்றார்.

அவள் வாசித்தாள். ஒரு சொல் பிசகாமல், எல்லோருக்கும் கேட்க. "சரி" என்று சொல்லி அவர் எழுந்து போனார்.

இப்போது, வெள்ளிக்கிழமை, அந்த இடத்தில் இப்படி இருந்தது: 'இருபத்தேழு வருட சேவைக்குப் பின் ஓய்வு பெறும் விருப்பத்தை ரெவரண்ட் சோபல் தெரிவித்தார். குழு அதை மனவருத்தத்துடன் ஏற்றுக்கொண்டது.' கீழே, அவள் எப்போதும் போடுகிறபடியே, 'குறிப்பெடுத்தவர்: பெனிற்றா மேர்வின்.'

மனவருத்தத்துடனாம். அந்தச் சொல்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது.

மாலையில் யூதரின் வாராந்த ஓய்வுநாள் தொடங்குவதால் அலுவலகத்தை ஒரு மணிக்குப் பூட்டவேண்டும். அவள் உடனே ஹவர்டைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை, ஹவர்ட்."

"நான் வார்த்தைக்கு வார்த்தை பார்க்கவில்லை. கூட்டத்தின் சாரம் அதுதான்."

"சாரம் இதற்கு நேரெதிர். அவர் வாசிக்கச் சொன்னார், நான் வாசித்தேன், நீங்கள் கேட்டீர்கள்."

ஹவர்ட் பொறுமையாகப் பேசினார். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் பதமாகும். "பெனிற்றா, குறிப்பு என்பது ஒலிப்பதிவு இல்லை. அது குழுவின் சொத்து, உங்களுடையது இல்லை. அவருடைய மரியாதைக்காகத்தான் இப்படி எழுதியிருக்கிறேன். அனுப்பப்பட்டார் என்று எழுதினால் அவருக்கு நல்லதா?"

"அப்படித்தான் எழுதச் சொல்லி அவரே கேட்டார்."

"நீங்கள் இதை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நல்ல ஓய்வுநாள்."

"என் பெயரை எடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் விருப்பம்."

அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். அவள் அனுப்பவில்லை. திங்கட்கிழமை அவரே அனுப்பினார். அவள் பெயர் அப்படியே இருந்தது.

அன்று பின்னேரம் அவள் ரபி லாஸ்கரின் அறைக்குப் போனாள். முப்பத்தைந்து வயது மனிதர், நான்கு பிள்ளைகள், எப்போதும் அரைத் தூக்கத்தில் இருப்பவர் போன்ற முகம். நல்லவர் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இரண்டு தாள்களையும், தான் எழுதியதையும் ஹவர்ட் திருத்தியதையும், அவர் முன் அருகருகே வைத்தாள்.

அவர் வாசித்துவிட்டுத் தாடியைத் தடவினார். "எங்கள் மரபில், சமாதானத்துக்காகச் சொற்களைக் கொஞ்சம் மாற்றலாம் என்று ஒரு சலுகை உண்டு" என்றார்.

"யாருடைய சமாதானத்துக்கு?"

அவர் இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"ரபி, நீங்கள் அவருக்கு நேரே இருந்தீர்கள். நான் வாசிக்கும்போது தலையை ஆட்டினீர்கள்."

"ஆட்டினேன்" என்றார் அவர். சன்னலைப் பார்த்தபடி, "என்னுடைய ஒப்பந்தம் செப்ரெம்பரில் புதுப்பிக்க வருகிறது, பெனிற்றா. நாங்கள் இருக்கிற வீடு சபையின் வீடு" என்று சொன்னார்.

மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் இரக்கமும் வந்தது. அந்த இரக்கம் கோபத்தைக் குறைக்கவில்லை. சலுகை என்று வேதத்தை முன்னே நிறுத்தாமல் இதையே முதலில் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபடி தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சோபலிடம் அவளே காட்டவேண்டியதாயிற்று. வேறு யாரும் அவருக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கவில்லை. அடுத்தநாள் காலை, அந்தக் கிழமை நினைவுநாள் வருகிறவர்களின் பட்டியலை எடுக்க அவர் வந்தபோது, அவள் திருத்திய தாளை நீட்டினாள். அவர் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"விடுங்கள்" என்றார்.

"எதை விடுவது?"

"இருநூறு குடும்பங்கள்தான் மிச்சம். நான் சண்டை பிடித்தால் நூறு இந்தப் பக்கம், நூறு அந்தப் பக்கம். என்னால் இந்தச் சபை உடைந்ததென்று இருக்கக்கூடாது. நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அது போதும்."

"மேசையில் ஒன்பது பேர் கேட்டோம், ரெவரண்ட். இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதுமென்று ஏன் சொல்கிறீர்கள்?"

அவர் சிரிக்க முயன்றார். பட்டியலை வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பெயரின் எழுத்துப்பிழையைக் காட்டிவிட்டுப் போனார். பெனிற்றாவுக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. அடிபட்டவர் அடித்தவர்களுக்காகக் கவலைப்படுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாளில் ஹவர்டின் கடிதம் சபையார் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போனது. 'எங்கள் அன்புக்குரிய ரெவரண்ட் சோபல் தமது ஓய்வை அறிவித்துள்ளார். அவரது விருப்பத்தை மதித்து...' என்று தொடங்கியது. ஜூன் மாதம் நடக்கும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவருக்குப் பாராட்டு என்றும் இருந்தது. மின்னஞ்சல் இல்லாத வயதானவர்கள் அறுபது பேருக்குத் தபாலில் அனுப்பவேண்டும். பெனிற்றா அதைச் செய்யமாட்டேன் என்று எழுதி அனுப்பியதால், குழுவின் உபதலைவி ஜூடித் ஆப்ராம்ஸ் வந்து உறைகளுக்குள் கடிதங்களைப் போட்டாள்.

ஜூடித்தும் பெனிற்றாவும் சிநேகிதிகள். பெனிற்றாவின் கணவன் மேர்வினுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்த மாதத்தில், வாரம் இரண்டு தடவை சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் போனவள் ஜூடித். அன்று அறுபது உறைகளையும் ஒட்டி முடிக்கும்வரை அவள் பெனிற்றாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயில் வந்துவிட்டது பார்த்தீர்களா" என்றாள் ஒருமுறை. பெனிற்றா, "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மேர்வின் கேட்டதும் தலையில் கைவைத்தான்.

"உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? அவையின்ர கோயில், அவையின்ர ஆக்கள். அவை தங்களுக்குள்ள பாத்துக்கொள்ளுவினம்."

"என்ர பேர் கீழ கிடக்குது."

"கிடந்தாக் கிடக்கட்டும். ஆர் போய் அதை வாசிக்கப்போகினம்?"

அவள் கீரையை அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உங்கட பேப்பரில அண்டைக்கு ஒரு வரி. அதை ஆர் வாசிச்சது?"

மேர்வின் லண்டன் வந்த புதிதில், வழக்கறிஞர் அலுவலகமொன்றில் அவனுடைய அகதி வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்த ஒருவர், 'இராணுவத்தினர் பிடித்துச் சென்றனர்' என்று அவன் சொன்னதைச் சுருக்கி, 'இராணுவ முகாமுக்குச் சென்றிருந்தார்' என்று அடித்துவிட்டார். அவசரமா, அலட்சியமா, தெரியாது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அதைத் தூக்கிக் காட்டி, நீயாகப் போனதாக உன் தாளிலேயே இருக்கிறதே என்று கேட்டார்கள். அந்த ஒரு வரியைத் திருத்த மூன்று வருடமும் இரண்டு மேன்முறையீடும் தேவைப்பட்டன. மேர்வின் அந்த முகம் தெரியாத ஆளை இன்றுவரை திட்டுவான்.

"ஆரோ ஒருத்தன் அடிச்ச வரி" என்றாள் பெனிற்றா. "இண்டைக்கு அந்த ஆளின்ர கதிரையில நான் இருக்கிறன். நான் பேசாமல் இருந்தா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

மேர்வின் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். "செய்யிறதைச் செய்" என்றான் கடைசியில். "வேலை போனா நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா சண்டைக்குப் போறன் எண்டு நீயா எழும்பாத. கேட்டாச் சொல்லு."

கேட்கத் தொடங்கியது எண்பத்தெட்டு வயதுத் திருமதி ஹெற்றி கார்ஃபிங்கல். தபாலில் கடிதம் கிடைத்த அன்றே அவர் அலுவலகத்துக்கு அழைத்தார்.

"போன வியாழன் சோபல் என் வீட்டில் ஒரு மணித்தியாலம் இருந்தார். என் முழங்காலைப் பற்றி எல்லாம் பேசினார். ஓய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்ன நடக்கிறது அங்கே?"

குழுவில் பேசியதை வெளியே சொல்ல அவளுக்கு உரிமையில்லை. "திருமதி கார்ஃபிங்கல், பொதுக்கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்றாள்.

"அப்படியா" என்றார் கிழவி. "எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை வையுங்கள்."

பொதுக்கூட்டம் ஞாயிறு பகல் பதினொரு மணிக்குத் தொடங்கியது. பெனிற்றா காலை ஏழரைப் பூசைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள். மண்டபத்தில் எழுபது பேரளவில் இருந்தார்கள். மேடையில் போட்ட மேசையில் குழு, ஓரத்தில் ரபி, கீழே பக்கவாட்டில் ஒரு சிறு மேசையில் பெனிற்றா. மெல்லிய தடுப்புச் சுவருக்கு அப்பால் சோபல் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். அவர் ஓர் அடி பாட, சின்னக் குரல்கள் திரும்பப் பாடுவது கேட்டது.

கூரை ஒழுக்கு, வாயிற்காவல் முறை எல்லாம் முடிந்து பாராட்டுக்கு வந்தார்கள். ஹவர்ட் எழுந்து நன்றாகவே பேசினார். சோபல் எத்தனை கலியாணங்கள் நடத்திவைத்தார் என்ற எண்ணிக்கையைக்கூடச் சொன்னார். கைதட்டல் முடிந்ததும் திருமதி கார்ஃபிங்கல் ஊன்றுகோலைத் தூக்கினார்.

"அவர் ஓய்வு கேட்டாரா?"

"அவரே கேட்டார், ஹெற்றி."

"எங்கே எழுதியிருக்கிறது?"

"மே மாதக் குழுக் கூட்டக் குறிப்பில்." ஹவர்ட் கோப்புக்குள்ளிருந்து தாளை எடுத்துச் சபைக்குக் காட்டி, அந்த இரண்டு வரியையும் வாசித்தார்.

"யார் எழுதியது?"

"எங்கள் பெனிற்றா." ஹவர்ட் அவள் பக்கம் கையை நீட்டினார். நிச்சயமாக இருந்தார். எழுபது பேருக்கு முன்னால் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண், அதுவும் சபையைச் சேராதவள், என்ன சொல்லிவிடப்போகிறாள் என்று நினைத்திருப்பார். "இது நீங்கள் எடுத்த குறிப்புத்தானே, பெனிற்றா?"

அவள் பேனையை வைத்தாள். எழுந்தாள்.

"இல்லை" என்றாள்.

மண்டபத்தில் ஒரு கதிரை நகர்ந்தது. தடுப்புக்கு அப்பால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எழுதிய குறிப்பு வேறு. அதைத் திருத்தினார்கள். திருத்தியதில் என் பெயரைப் போடவேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டேன். போட்டார்கள்."

"பெனிற்றா, இது அதற்கான இடமில்லை" என்றார் ஹவர்ட்.

"நீங்கள்தான் கேட்டீர்கள், ஹவர்ட்."

"நீ எழுதியதை வாசி, பிள்ளை" என்றார் திருமதி கார்ஃபிங்கல்.

அன்றைய குறிப்பை எடுத்துக்கொண்டிருந்த அதே கொப்பியில்தான் மே மாதக் கூட்டமும் இருந்தது. அவள் தாள்களைப் பின்னுக்குப் புரட்டி வாசித்தாள். ஒரு சொல்லும் விடவில்லை. 'நானாகப் போகிறேன் என்று எழுதவேண்டாம்' என்ற இடத்தில் பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அவருடைய இரண்டு மகன்களுக்கும் வேதம் கற்பித்தவர் சோபல். வாசித்து முடித்ததும், "இதை ரெவரண்ட் சோபல் அன்று திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மேடையில் இருக்கிற எல்லோரும் கேட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

எழுபது பேரும் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் இருந்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள். ரபி லாஸ்கர் மட்டும், "அவர் அப்படித்தான் சொன்னார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கேட்டது.

அதன்பிறகு ஒரு மணித்தியாலம் சத்தமாகவே போனது. முடிவில் கைதூக்கிக் கணக்கெடுத்தார்கள்: கடிதம் திரும்பப் பெறப்படும், குறிப்பு முதலில் இருந்தபடி வைக்கப்படும், ரெவரண்ட் சோபல் தாமாகச் சொல்லும்வரை பதவியில் இருப்பார். நாற்பத்தொன்பது பேர் ஆதரவு. ஹவர்ட் தலைவராகவே இருந்தார். அந்தப் பதவியை ஏற்க வேறு யாரும் முன்வரவில்லை.

சோபல் வகுப்பை முடித்துக்கொண்டு வந்தபோது ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கூட்டத்துக்கு மேலால் பெனிற்றாவைத் தேடிப் பார்த்தார். நன்றி சொல்லும் பார்வையாக அது இல்லை. தன்னைக் கேட்காமல் தன் சட்டையைக் கழற்றிக் காயத்தைக் காட்டிவிட்டார்கள் என்பதுபோல் இருந்தது. திங்கட்கிழமை வந்து, "நான் விடச் சொன்னேன்" என்றார். "எனக்கு விட ஏலவில்லை" என்றாள் அவள். அவர் கொஞ்சம் யோசித்து, "அது உங்கள் பெயர். சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வழிபாடு பன்னிரண்டரைக்குத்தான் முடிந்தது என்று வாயிற்காவலர் வந்து சொன்னார்.

பத்து நாள் கழித்து ஜூடித் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி கேக், இன்னொரு கையில் நீளமான உறை. கதவைச் சாத்திவிட்டு அமர்ந்தாள்.

"அன்று நீங்கள் செய்தது பெரிய துணிச்சல், பெனிற்றா. என் கணவரிடம்கூடச் சொன்னேன். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை." அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு உறையைத் தள்ளினாள். "இது வெறும் முறைக்கு. நான்தான் பணியாளர் பொறுப்பு என்பதால் நான் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. பெரிதாக எடுக்கவேண்டாம்."

அது எச்சரிக்கைக் கடிதம். குழுவின் இரகசியக் குறிப்பைக் குழுவின் அனுமதியின்றிப் பொதுச்சபையில் வெளியிட்டது பாரிய ஒழுங்கீனம். மீண்டும் நடந்தால் வேலையிலிருந்து நீக்கப்படலாம். பன்னிரண்டு மாதம் கோப்பில் இருக்கும். கீழே ஜூடித்தின் சுத்தமான கையெழுத்து, அதன் கீழ் பெனிற்றா கையெழுத்திட ஒரு கோடு.

பெனிற்றா அதை இரண்டு தரம் வாசித்தாள். குறிப்பை மாற்றிய மனிதனுக்கு ஒரு வரி கண்டனம் இல்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னவளுக்குப் பன்னிரண்டு மாதம்.

"தலைவர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார், ஜூடித். அது இதில் இல்லையே."

"அதையெல்லாம் எழுத இதில் இடமில்லை. இது ஒரு படிவம் மாதிரி."

"இடம் இருக்கிறது." அவள் தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் முழு வெள்ளை. பேனையை எடுத்து, அவசரப்படாமல், கூட்டக் குறிப்பு எழுதும் அதே கையெழுத்தில் எழுதினாள்: 'ஜூன் மாதப் பொதுக்கூட்டத்தில், இது நீங்கள் எடுத்த குறிப்புத்தானே என்று தலைவர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். உறுப்பினர் ஒருவர் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான் வாசித்தது பொய் என்று இந்தக் கடிதம் எங்கும் சொல்லவில்லை.' திகதி போட்டு அதன் கீழ் கையெழுத்திட்டாள். முன்பக்கத்துக் கோட்டை வெறுமையாக விட்டாள்.

"இதைக் கோப்பில் இரண்டு பக்கமும் பிரதியெடுத்து வைக்கிறேன்" என்றாள்.

ஜூடித் கேக் பெட்டியின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "என்மேல் கோபமா?"

பெனிற்றாவுக்கு வாசலில் வைத்த சூப்புப் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. அவை பொய்யில்லை. அதுதான் இன்னும் வலித்தது. ஹவர்டைப் போன்ற ஒருவரை வெறுத்துவிட்டுப் போகலாம்.

"மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் அவர் சொன்னதைத் திரும்ப வாசித்தபோது, நீங்கள் என்னுடைய வலப்பக்கத்தில் இருந்தீர்கள்" என்றாள். "உங்கள் கை என் கொப்பியில் முட்டிக்கொண்டிருந்தது. பொதுக்கூட்டத்தில் நான் எழும்பி நின்றபோதும் நீங்கள் மேடையில் இருந்தீர்கள். நான் துணிச்சல்காரி என்று பத்து நாள் கழித்து என்னிடம் வந்து சொல்கிறீர்கள். அங்கே, அப்போது, ஓம் இவள் சொல்வது சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குத் துணிச்சலே தேவைப்பட்டிருக்காது."

ஜூடித் எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு போனாள். பெட்டி மேசையில் இருந்தது.

பெனிற்றா கடிதத்தைப் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் வைத்து, இரண்டு பக்கமும் என்ற பொத்தானை அழுத்தினாள். ஒன்று கோப்புக்கு, ஒன்று குழுவுக்கு, ஒன்று வீட்டுக்கு. மூன்றாவது தாள் வெளியே வரும்போது தொலைபேசி அடித்தது. யாரோ ஒருவரின் தகப்பன் விடியற்காலையில் இறந்திருந்தார். மகள் அழுதபடி, இனி என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். பெனிற்றா கதிரையை இழுத்து அமர்ந்து, பேனையைத் திறந்து, "முதலில் அப்பாவின் முழுப்பெயரைச் சொல்லுங்கள், மெதுவாக" என்றாள்.